லாரியை விடாத அண்ணன்

அண்ணன் இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. அவரை நேசித்த உங்கள் எல்லோரிடமும் தங்கையாகிய நான் சில வார்த்தைகள் பகிர்ந்துகொள்கிறேன்.

தனுவச்சபுரத்தை அடுத்த எங்கள் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். அப்பா இளவயதிலேயே காலமானதால் படிப்பை நிறுத்திவிட்டு லாரி ஓட்டக் கற்றார். செங்கல் சூளை லாரியில் பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் ஓடினார். ஓட்டும்போது கீர்த்தனை பாடுவார். ராகம் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை.

எங்கள் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்த காலத்தில் அண்ணனுக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் தகப்பனார் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார். வழியெங்கும் மறியல், கல்லெறி என்பதால், லாரியை விட்டால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கோ அந்தப் பெண்ணை மிகவும் பிடித்திருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு, நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் பியூனாகச் சேர்ந்தார்.

இரண்டே வாரத்தில் முகம் வாடிவிட்டது. "அம்மா, அந்த ஸ்டூல்ல இருந்தா எனக்க காலு பிரேக்கைத் தேடுது" என்பார்.

அப்போதுதான் எங்கள் பரீட்சை வந்தது. நெய்யாற்றின்கரைக்குப் போய் எழுத வேண்டும். காலையில் வாத்தியாரோடு நாங்கள் பதினோரு பெண்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். மறியலால் பஸ் வரவில்லை. அலுவலகம் போக அண்ணனும் வெள்ளைச் சட்டையோடு அங்கேதான் நின்றார்.

வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சூளை லாரி சும்மாத்தானே கிடக்கு. நீரு எடுப்பீரா?"

"எடுக்கலாம் சார். ஓட்டமாட்டேண்ணு உங்களுக்கு வாக்கு தந்திருக்கேனே."

"இண்ணைக்கு மட்டும்."

அண்ணன் சூளைக்கு ஓடிய ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வாத்தியார் முன்னால் ஏறினார். நாங்கள் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தோம்.

பாதி வழியில் சாலையின் குறுக்கே மரம் கிடந்தது. "எலே, வண்டி ஒண்ணும் போவப்பிடாது" என்று இளைஞர்கள் சூழ்ந்தார்கள். ஒருவன் கையில் கல் இருந்தது. அண்ணன் இறங்கிப் போனார்.

"மக்கா, நானும் நம்ம ஆளாக்கும். இதுகளுக்கு பரீட்சை உண்டு. எல்லாம் தோத்துப்போனா, தமிழ்நாடு கிட்டின பிறகு உனக்க பிள்ளைக்கு யாருலே பாடம் சொல்லிக்குடுப்பா?"

அவர்கள் சிரித்துவிட்டார்கள். மரத்தை அவர்களே புரட்டித் தந்தார்கள். அடுத்த வளைவில் போலீஸ் நிறுத்தியது. "பரீட்சையாணு சாரே" என்று அண்ணன் மலையாளத்தில் சொல்ல, அவர்களும் வழிவிட்டார்கள். அதற்குள் கீர்த்தனை தொடங்கிவிட்டது.

பாவாடையெல்லாம் செங்கல் பொடியோடு மணியடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தோம். அண்ணன் சாவியை நீட்டினார். வாத்தியார் வாங்கவில்லை.

"நாளைக்கும் பரீட்சை உண்டே."

"அது முடிஞ்ச பிறகு சார்?"

"பிறகும் நீரே ஓட்டும். இந்த முகத்தை எனக்க மகளும் பாக்கட்டு."

அந்த மகள்தான் எங்கள் அண்ணி. எல்லைக்கோடு நாங்கள் கேட்டபடி விழவில்லை, எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றது. அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் லாரியில் செங்கல் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய் வந்தார். கண்பார்வை மங்கும்வரை ஓட்டினார். கடைசி மாதங்களில் படுத்திருந்தபோதும், ரோட்டில் ஹாரன் கேட்டால் எந்த வண்டி என்று சொல்லிவிடுவார்.

அண்ணனைக் கவனித்த மருத்துவருக்கும், ஜெபித்த போதகருக்கும், இரவுபகல் பாராமல் உதவிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்க ஆராதனையன்று லாரிகளைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்து நின்ற ஓட்டுநர்களில் பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அவர் சார்பில் அவர்களுக்கும் நன்றி சொல்கிறேன்.