கூடாரக்காரர் வீட்டுத் திரை

கிழித்த திரையை மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறார் கூடாரக்காரர். நூலைப் பல்லால் கடிக்காதீர்கள் என்று மனைவி எத்தனை திட்டினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. தொழில், சன்னல் திரை தைப்பது. மிச்ச நேரமெல்லாம் பிளைவுட்டில் அவரே செய்த ஆசரிப்புக் கூடாரத்துக்குத்தான்; பைபிளில் மோசே காலத்தில் வரும் வழிபாட்டுக் கூடாரத்தின் சின்ன மாதிரி அது. சபை சபையாகச் சுமந்துபோய் மேசைமேல் விரித்துவைப்பார்.

வாசலில் பலிபீடம், அடுத்து கைகால் கழுவும் வெண்கலத் தொட்டி, உள்ளே விளக்கு, அப்பம், தூபம். ஒவ்வொன்றிலும் கிறிஸ்துவைக் காட்டுவார். ஆட்டுக்குட்டி பொம்மையைப் பீடத்தில் மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி வைப்பார். கடைசியில், கடவுள் தங்கும் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரை. நடுவில் லேசாக ஓட்டுத்தையல் போட்டிருப்பார். இயேசு சிலுவையில் உயிர்விட்டதும் கோயிலின் திரை தானாகக் கிழிந்ததைச் சொல்லி நூலை உருவுவார், திரை இரண்டாகும். "இனிமே தடுப்பே இல்லங்க. யாரு வேணாலும் கடவுள்கிட்ட போகலாம்." பின்வரிசையில் தூங்கி வழிகிறவர்கூடக் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். அப்புறம் வீட்டுக்கு வந்து இந்தத் தையல் வேலை.

தைக்கும் இடம்தான் மாறிவிட்டது. இப்போது உள்ளறை வாசலில், தரையில். அறைக்குள் மனைவி படுத்திருக்கிறார். மார்பில் புற்று, புண் உடைந்துவிட்டது, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கோலத்தையும் வாடையையும் கணவர் அறியக் கூடாதென்று, வாசலுக்குக் கனமான திரை ஒன்று தைத்துத் தரச் சொன்னார் அந்த அம்மாள். தைத்துக் கொடுத்துவிட்டார், பாவி மனுஷன். அம்மாளின் தங்கை மட்டும்தான் உள்ளே போய் வருகிறாள். கண் மூடுவதற்குள் ஒருதரம் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் இவர் ஆசை.

பார்க்கப் போயிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் தடுப்பில்லை என்று சொல்கிற நீங்கள் இதை விலக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்டேவிட்டேன். ஊசி நின்றது.

"அந்தத் திரை மேலேருந்து கீழ கிழிஞ்சுதுங்க. கிழிச்சது உள்ள இருந்தவரு. வெளியில நிக்கிறவன் கிழிச்சா அதுக்குப் பேரு வேற."

உள்ளே இருமல் கேட்டது. சாப்பிட்டீர்களா என்று தேய்ந்த குரல் விசாரித்தது. ஆச்சு என்றார், பொய். பிறகு மெதுவாக, "நான் வரட்டுமா?" என்றார்.

"வேணாங்க. பழைய மாதிரியே இருக்கேன்னு நெனச்சுக்குங்க."

அவர் தரையோடு தரையாகச் சாய்ந்து, திரைக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக வலது கையை உள்ளே நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.