அசையாத கேமராவும் அசையும் அத்தையும்

வெள்ளிக்கிழமை மதியம். எழும்பூரில் ரயில் ஏறும்போதே அத்தை என் தோளிலிருந்த கேமரா பையைப் பிடுங்கிக்கொண்டார். அத்தை என்றால் என் மாமியார். பையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா கவிதா, உள்ள கேமரா இருக்கா, வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார்.

அவர் சந்தேகம் நியாயமானது. என் பழைய கேமராவும் லென்சும் சேர்ந்தால் இரண்டரைக் கிலோ. மணிக்கட்டில் நரம்பு பிடித்துக்கொண்ட பிறகு டாக்டர் அதைத் தொடவே கூடாது என்றுவிட்டார். புதிதாக வாங்கியது அரைக் கிலோ சொச்சம்தான். கனமான கேமரா தன் எடையாலேயே கையில் உட்கார்ந்துகொள்ளும். இலேசானதோ பட்டனை அழுத்தும் விரலுக்கே குலுங்கும். அதற்குப் பரிகாரமாக இதற்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நம் கை ஆடினால் உள்ளே படம் பதியும் சென்சாரும் அதற்கு ஈடாக நகர்ந்துகொடுத்துப் படத்தைக் கலங்காமல் காப்பாற்றும். அந்த ஏற்பாட்டை நம்பித்தான் நான் கிளம்பினேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். அத்தை அடுத்த வாரம் நாக்பூர் போகிறார். அங்கே இருக்கும் நாத்தனாருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. இனி இரண்டு மூன்று வருடமாவது அவருக்கு அங்கேதான் வாசம். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஊரில் உள்ள கோபுரங்களையெல்லாம் படம் எடுத்துக் குவித்திருக்கிறேன், ஆனால் அத்தையின் தெளிவான படம் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாப் படத்திலும் அவர் பாதி நகர்ந்திருப்பார். யாருக்காவது தண்ணீர் கொடுப்பார், எதையாவது துடைப்பார், இல்லையென்றால் யார் கூப்பிட்டார்கள் என்று திரும்புவார். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் அவரை அழைத்து வந்தேன்.

மாலை ஆறரைக்கு ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய், அறைக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு. பெட்டியை வைத்துவிட்டு ராஜகோபுரத்துக்கு நடந்தோம். கோபுர வாசலுக்குள் எப்போதும் ஓர் இருட்டும் குளுமையும் இருக்கும். அங்கே அத்தையை நிறுத்தினேன். வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் நிதானமாகத் திறந்து மூடியது. திரையில் பார்த்தால், கருங்கல்லின் உளித் தடம்கூட எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் துல்லியம். நடுவில் சாம்பிராணிப் புகை மாதிரி அத்தை. பூக்காரியிடம் முழம் என்ன விலை என்று கேட்கத் திரும்பியிருக்கிறார். என் கை ஆடுவதற்குத்தான் கேமராவில் மருந்து இருக்கிறது, அத்தை ஆடுவதற்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை. காலையில் சேவை முடித்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மலைக்கோட்டைக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல வெயில். வெளிச்சம் இருந்தால் ஷட்டரை வேகமாக வைக்கலாம், ஓடுகிறவரும் படத்தில் உறைந்துவிடுவார். அப்படித்தான் வைத்தேன். சின்னக்கடை வீதியில் மட்டும் நாற்பது படம் எடுத்திருப்பேன். எல்லாம் கூர்மை. அத்தையின் கொண்டை கூர்மை, குழந்தைகளுக்கு வெள்ளைத் துணி பேரம் பேசும் கை கூர்மை, மூடிய கண் கூர்மை. முகம் மட்டும் சிக்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்க அத்தை" என்று சொன்னால் ஆதார் அட்டைக்கு நிற்பதுபோல விறைப்பார். நான் பட்டனைத் தொடும்போது, "எடுத்தாச்சா?" என்று வாயைத் திறப்பார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஊருக்குப் போகப்போகிறவரிடம் கோபித்துக்கொள்கிறோமே என்று அதன் பின்னாலேயே வருத்தமும் வந்தது.

திருவெள்ளறைப் பெருமாளையும் சேவித்துவிடலாம் என்று நான்கு மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் பிடித்தோம். இருபது கிலோமீட்டருக்குள்தான், டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து. பக்கத்து சீட்டில், மடியில் கீரைக்கட்டுகளோடு இருந்த அம்மா விசாரித்தார்.

"அம்மாவும் பொண்ணுங்களா?"

"மாமியா மருமகங்க" என்றார் அத்தை.

"அப்பச் சரியாத்தான் போறீங்க. அங்க மாமியார் மருமக கெணறுன்னே ஒண்ணு இருக்கு, பாத்துட்டு வாங்க."

பெருமாளைச் சேவித்துவிட்டுக் கிணற்றுக்குப் போனோம். சதுரமான பெரிய கிணறு. நான்கு பக்கமும் படிக்கட்டு இறங்கி, ஒவ்வொன்றும் ஒடிந்து திரும்புகிறது. ஒரு படிக்கட்டில் குளிப்பவர் கண்ணுக்கு அடுத்த படிக்கட்டில் இருப்பவர் தெரிய மாட்டார். அதனால்தான் அந்தப் பெயர். மேல்படியில் நின்று எட்டிப் பார்த்த அத்தை, "மாமியா மூஞ்சில முழிக்காம குளிக்கறதுக்கு எவ்வளவு செலவு பண்ணியிருக்காங்க பாரு" என்று சிரித்தார். பிறகு கையை நீட்டினார்.

"கேமராவைக் கொடு. உன்னை நான் ஒண்ணு எடுக்கறேன்."

"என்னை எதுக்கு அத்தை?"

"நாக்பூர்ல யாராச்சும் மருமக எப்படி இருப்பான்னு கேட்டா எதைக் காட்டறது? எல்லாப் படத்தையும் நீயே எடுத்தா நீ எப்படி அதுல இருப்ப?"

கேமராவைக் கொடுத்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைக்கவும், நெஞ்சுக்கு நேராகப் பிடித்துத் திரையைப் பார்க்கவும், மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தி மெதுவாக அழுத்தவும் சொல்லிக்கொடுத்தேன். சர்க்கரை வந்ததிலிருந்து அவருக்குக் கை லேசாக நடுங்கும். நான் நான்கு படி கீழே இறங்கி நின்றேன்.

அத்தை முழங்கையை ஒட்டினார். மூச்சை நிறுத்தினார். அப்படியே நின்றார். பூக்காரி, பை, தண்ணீர் பாட்டில், நாக்பூர் எதுவும் அவர் நினைவில் இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட அவர் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. என் கையில் போன் இருந்தது. சத்தமில்லாமல் தூக்கி எடுத்துவிட்டேன்.

"போனைக் கீழ வை. போட்டோவுல அது எதுக்கு?" என்று அதட்டிவிட்டு இன்னும் இரண்டு எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. திரும்பும் ரயிலில் எல்லாவற்றையும் பார்த்தோம். அத்தை எடுத்ததில் நான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன், ஆனால் அவ்வளவு தெளிவு. அந்த நடுக்கத்தைக் கேமரா வாங்கிக்கொண்டுவிட்டது. அடுத்து என் போனைத் திறந்தேன். அத்தையின் புடவைக் கரை, நெற்றியில் ஒட்டிய நரைமுடி, இறுக்கிய உதடு, எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் திரையில் இருந்தது நான்.

பத்து வருடமாக என்னை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? எனக்கு இது தெரியாது. நாக்பூருக்கு டிக்கெட் எடுத்த நாளில்கூட அழாதவள், விழுப்புரம் வருவதற்குள் அழுதுவிட்டேன்.

"என்னம்மா, கை வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை பையில் தைலம் தேட எழுந்துவிட்டார்.