சீர்க் கட்டில்

பம்ப் கம்பெனியில் காலமெல்லாம் அளவு சரிபார்த்தவள் நான். ஓய்வு பெற்றதும் உளியைக் கையில் எடுத்தேன். காரமடை வீட்டு போர்ட்டிகோவில் ஸ்டூல், பெஞ்சு என்று செய்து பழகினேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, சீர்க் கட்டிலை நான்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

கணவரின் அக்காவுக்கு, அதாவது என் நங்கையாவுக்கு, இது பிடிக்கவில்லை.

"ஏனம்மணி, ஷோரூம்ல ஒண்ணு வாங்கிப்போட்டா ஆகாதா? சம்பந்தி ஊட்டுல சிரிக்கப்போறாங்க."

"உக்காந்து பாத்துட்டுச் சிரிக்கட்டுங்க நங்கையா."

காற்றில் சாய்ந்த எங்கள் வாகை மரத்தை அறுத்து, நன்றாகக் காயவைத்திருந்தேன். கட்டில் காலில் சதுரத் துளை, சட்டத்தின் நுனியில் நாக்கு. நாக்கைத் துளைக்குள் செலுத்திக் குறுக்கே ஒரு மரமுளையை அடித்தால் தீர்ந்தது. ஆணி இல்லை, பசையும் இல்லை. அளவு சரியாக இருந்தால் பசையின் தயவு எதற்கு? கொஞ்சம் திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

சீர் என்றால் முழுசாகப் போகவேண்டும். எனவே கட்டிலைப் பூட்டி, செவ்வந்தி மாலை சுற்றி, டெம்போவில் ஏற்றினோம். மகள் குடிபோகும் வாடகை வீடு சரவணம்பட்டியில், நான்காவது மாடி. லிஃப்ட்டில் கட்டில் நுழையவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது; மறுபடி கீழ்வாசலுக்கே இறக்கினோம். கட்டிலை நூலிழை பிசகாமல் அளந்தவளுக்கு லிஃப்ட்டை அளக்கத் தோன்றவில்லை.

சம்பந்தி அம்மா என் முகத்தையே பார்த்தார். சீர் வாசல்வரை வந்து திரும்பினால் ஊரே பேசும். ஆனால் கட்டிலைச் செய்தவள் நான். பையிலிருந்து கொட்டாப்புளியை, என் மரச்சுத்தியலை, எடுத்தேன்.

"சீர்க் கட்டில வாசல்ல வெச்சுப் பிரிக்கறதா? நல்லாவா இருக்குது?" நங்கையா பதறினார்.

"திருப்பிக் கொண்டுபோறது மட்டும் நல்லாவா இருக்குமுங்க?"

முளையின் மெலிந்த முனையில் ஒரு குச்சியை வைத்துத் தட்டினேன். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மகள் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு முளையாக வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். தலைமாடு, கால்மாடு, சட்டங்கள், பலகைகள் என்று ஆளுக்கொன்றாய்த் தூக்கினோம். சம்பந்தி அம்மாவும் ஒரு பலகையைச் சுமந்தார்.

மேலே மறுபடி பூட்டியதும் முதலில் உட்கார்ந்தது நங்கையாதான், அதுவும் தொப்பென்று. கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை. "ம்ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

நான் கருவிகளைப் பையில் போடும்போது மகள் என் கையிலிருந்து கொட்டாப்புளியை வாங்கிக்கொண்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும்மா. வாடகை ஊடுதானே. மாறிப் போறப்ப நானே கழட்டி மாட்டிக்குவேன்."

சொல்லிவிட்டு அதைச் சீர்த்தட்டில் தேங்காய்க்கும் மஞ்சளுக்கும் நடுவில் வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கட்டிலை அன்று யாரும் ஷோரூம் சாமானோடு ஒப்பிடவில்லை.