பேஸ் பெட்டிக்கு நான் தூக்கிய கை

எங்கள் சித்தப்பாவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஆனால் அந்த இரண்டையும் அவர் நம்பமாட்டார். மிக்சருக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தன்னுடைய சத்தம் எப்போதும் அழகாகத்தான் கேட்கும் என்பது அவருடைய கட்சி. ஆகவே எங்கே சவுண்ட் செற் கட்டினாலும், கூட்டத்தின் கடைசி ஆள் எங்கே நிற்பாரோ அங்கே நின்று கேட்டுச் சொல்ல அவருக்கு இன்னொரு சோடிக் காது தேவைப்பட்டது. எங்கள் ஊரான தாழ்வுபாடு முழுக்கத் தேடி, சம்பளம் கேட்காத காது என்று என்னுடையதைப் பிடித்தார். எனக்கு எட்டு வயது. அவருடைய செற்றே என் காதில்தான் ஓடுகிறது என்ற நினைப்பில் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்தரையும் மதிப்பதில்லை.

அந்தப் பதவியில் இருந்துகொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். வாயால்கூட இல்லை, கையால். அதனால் எங்கள் அப்பா கடலிலிருந்து கரைக்கு வராமலே போயிருப்பார். சித்தப்பாவுக்கு இன்றைக்கு வரை நான் அதைச் சொல்லவில்லை. நல்லநாள் பெருநாளுக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பி வருகிறேன்.

சித்தப்பாவின் செற் முழுவதும் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் ரெயிலருக்குள் அடங்கிவிடும். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு அம்ப், சின்ன மிக்சர், இரண்டு மைக், ஒரு ஜெனரேற்றர். கலியாணவீடு, செத்தவீடு, செபமாலைப் பவனி எல்லாவற்றுக்கும் அதுதான் உருண்டு போகும். சும்மா சொல்லக்கூடாது, சொல் தெளிவாகக் கேட்கும். ஆனால் மேளம் அடித்தால் தகரப் பேணியில் தட்டுவதுபோல இருக்கும். ஒவ்வொரு பெருநாளுக்கும் கோயில் சபையில் யாராவது ஒருவர், "உந்தச் செற்றிலை அடியே இல்லை, ரவுணிலை இருந்து எடுப்பம்" என்று தொடங்கிவிடுவார். கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன சித்தப்பா, வவுனியாவில் யாரோ பாவித்த, அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற பேஸ் பெட்டிகள் இரண்டுக்குச் சொல்லிவைத்தார். பெருநாளுக்கு முதல்நாள்தான் வரும் என்றிருந்த பெட்டிகள், பெருநாளுக்கு முன்வரும் நவநாள் தொடங்கிய மூன்றாம் நாள் மத்தியானமே லொறியில் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் பாதி இருந்தது.

அப்பாவுக்கு அது தெரியாது. அவர் விடியப்புறமே மாமாவோடு கடலுக்குப் போய்விட்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வழமையாக மூன்று மணிக்கு இரண்டு பேரும் கரைக்கு வந்துவிடுவார்கள்.

அப்பாவைப் பற்றி நான் சொல்லக்கூடியது அப்போது கொஞ்சம்தான். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவர் பெருநிலக் கரைக்கு மீன்வாடி போட்டுத் தொழில் செய்யப் போனார். போன இடத்தில் சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டுவிட்டது. சண்டையோடு சனமும் கிழக்கே நகர, சனத்தோடு இழுபட்டுக் கடைசிவரை போய், பிறகு முகாமில் இருந்து, எனக்கு ஆறு வயதில் வீட்டுக்கு வந்தார். ஒரு மெலிந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, இதுதான் அப்பா, கொஞ்சு என்றார்கள். என்ன செய்ய, கொஞ்சினேன். வந்தவர் அதிகம் கதைக்கமாட்டார். அங்கே என்ன நடந்தது என்று கேட்கவும் யாரும் விடமாட்டார்கள். சண்டையில் குண்டுகள் வந்து விழுவதைச் செல்லடி என்பார்கள், எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே எடுபடாது. நான் செல் சத்தம் கேட்டு வளராத பிள்ளை.

சித்தப்பா பெட்டிகளைக் கோயில் சுவரோடு ஒட்டி, வாய் கடலைப் பார்க்க வைத்தார். மழை தூறினால் தாழ்வாரம் மறைக்கும் என்பது அவர் கணக்கு. முதுகுக்குச் சுவர் இருந்தால் பேஸ் இன்னும் ஊதிப்போகும் என்று அவருக்கு அப்போது யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் அவர் முறையாகத்தான் செய்தார். முதலில் பழைய பெட்டிகளை மட்டும் பேசவிட்டார். பிறகு அவற்றிலிருந்து அடிச்சத்தத்தை வெட்டியெடுத்துப் புதுப் பெட்டிகளுக்குக் கொடுத்தார். சின்னப் பெட்டி சொல்லைப் பார்க்க வேண்டும், பெரிய பெட்டி அடியைப் பார்க்க வேண்டும், ஒன்றின் வேலைக்குள் மற்றது மூக்கை நுழைக்கக்கூடாது. "பேஸ் இருக்கெண்டு ஆருக்கும் தெரியக்கூடாது. நிப்பாட்டினாத்தான் என்னவோ குறையுதெண்டு தெரியோணும்" என்று எனக்கும் அங்கே நின்ற நாய்க்கும் சேர்த்து விளக்கம் கொடுத்தார்.

நான் கடற்கரையில், இழுத்துவைத்த வள்ளங்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் மைக்கில் மீன் பெயர்களாகச் சொல்லுவார். சூடை, சாளை, பாரை, கட்டா. பின்னால் மேளத்தோடு ஒரு பாட்டும் ஓடும். பெயர்கள் தெளிவாகக் கேட்டால் நான் வலது கையைத் தூக்க வேண்டும், சரி, அப்படியே விடலாம். பேஸ் கூடிச் சொல் அமுங்கினால் இடது கை, குறைக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு குழந்தையும் பிழைவிடாது.

அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். முதலில் வலது கை, உண்மைக்குத்தான். பிறகு இன்னும் கூட்டினார். ஐயோ, அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல! உள்ளங்காலுக்குக் கீழே மணல் துடித்தது. சட்டை வயிற்றில் பட்டுப் பட்டு அடித்தது. கருவாடு காயப்போட்ட பாயிலிருந்து காகங்கள் எழும்பிப் பறந்தன. யாரோ எனக்குள்ளே புகுந்து நின்று மேளம் அடிக்கிறார்கள். சூடையும் இல்லை, சாளையும் இல்லை, சித்தப்பாவின் வாய் தூரத்தில் அசைவது மட்டும் தெரிந்தது. இடது கையைத் தூக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தூக்கினால் அவர் குறைத்துவிடுவார். நான் வலது கையைத் தூக்கினேன். அவர் கையைக் காதில் வைத்து, உண்மையாகவோ என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் இரண்டாம் தரமும் வலது கையைத் தூக்கி, எம்பியும் காட்டினேன்.

அவர் என்னை நம்பினார். பேஸைக் கூட்டிக் குறைக்கிற திருகியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, பெருநாள் முடியுமட்டும் இதைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பாட்டை ஓடவிட்டார். ஊரே திரண்டு வந்தது. சபைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாடைக்காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காலம் அது. சத்தம் முழுவதும் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மற்ற வள்ளங்கள் வந்தன. கிட்டக் கடலில் நின்ற பெடியள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இறங்கினார்கள். எங்கள் வள்ளம் வரவில்லை. நாலு மணியாயிற்று, ஐந்தாயிற்று. மாமாவின் போனுக்கு அடித்தால் கவறேஜ் இல்லை. வெளிக்கடலில் எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே அம்மா திரும்பத் திரும்ப அடித்தார். இரண்டு வள்ளங்கள் தேடிப் போய், இருள்கிற மைம்மல் பொழுதில் வெறுமனே திரும்பி வந்தன. அம்மா மணலில் இருந்துவிட்டார். யாரும் அவரை எழுப்பவில்லை.

அப்போதுதான் கோயில் மூப்பர் ஒரு யோசனை சொன்னார். "எஞ்சின் நிண்டு, திசை தெரியாமல் நிக்கினமோ தெரியாது. பாட்டை நல்லாக் கூட்டிப் போடு. சத்தத்தைப் பிடிச்சு வருவினம்." நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நானும்தான். சித்தப்பா முழுச் சத்தத்தில் மேளப் பாட்டைப் போட்டார். இடையிடையே நிறுத்தி, "அண்ணை, வாங்கோ! இஞ்சாலை வாங்கோ!" என்று கத்தினார். பெட்டிகள் இரண்டும் நெஞ்சில் குத்துவதுபோல உறுமின. பிறகு அம்மா எழும்பிப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார். வீட்டில் பக்கத்து அறைக்குக் கேட்காத குரல் அம்மாவுடையது. "இஞ்சாருங்கோ" என்றார். மறுபடியும் "இஞ்சாருங்கோ, வாங்கோவன்" என்றார். மைக்கை வாய்க்குள் போடுமளவுக்குக் கிட்டப் பிடித்திருந்ததால் மூச்செல்லாம் இடியாகப் போனது. எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் தானாக நிற்கும்வரை அம்மா கூப்பிட்டார்.

வீட்டில் எனக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. கோயில் முற்றத்தைப் பார்த்து நின்றுகொண்டு பொய்க் கை தூக்கினேன், புனிதர் பார்த்துக்கொண்டிருந்தார், அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டார். புனிதர் என்ன பொலிசா என்று இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்கு நான் போர்வைக்குள் நடுங்கினேன். ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்தேன். போதாதோ என்று இரண்டு கட்டாக்கினேன். இந்த மெலிந்த ஆளை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதற்கு முதல் எனக்கே தெரியாது. பெரியவளான பிறகு அந்தக் கணக்கைத் திரும்பிப் பார்த்தேன். குற்றவாளி சரி, காரணமும் சரி, நடந்த வழியில் மட்டும் பிழைவிட்டிருக்கிறேன்.

விடிந்து வெளிச்சம் வந்த பிறகு வள்ளம் வந்தது. எஞ்சின் போடாமல், துடுப்பு வலித்துக்கொண்டு வந்தார்கள். மீனும் இல்லை, வலையும் இல்லை. இறங்கிய அப்பாவின் மார்பில் அம்மா இரண்டு கையாலும் அடித்தார், பிறகு சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா, "எஞ்சின் பிழைச்சுப்போச்சு" என்று மட்டும் சொன்னார். மாமா எஞ்சினையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

சித்தப்பாவுக்குச் சந்தோசத்தில் கைகால் நிற்கவில்லை. "அண்ணை வந்திட்டார்!" என்று கத்திக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டு, இழுத்து, பாட்டைப் போட்டார். திருகி சுண்ணாம்புக் கோட்டிலேயே நின்றது.

முதல் அடி விழுந்ததுதான் தெரியும். அப்பா என்னை மணலில் விழுத்தி, மேலே விழுந்து மூடிவிட்டார். அவருடைய முழங்கைகள் என் தலைக்கு இரண்டு பக்கமும் இறுகியிருந்தன. "எழும்பாதை பிள்ளை, எழும்பாதை" என்று என் தலைமயிருக்குள் சொன்னார்.

மாமாதான் கையை வீசிக் கத்தினார். "நிப்பாட்டு மச்சான்! கடவுளே, அதை நிப்பாட்டு!" பாட்டு நின்றது. சித்தப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார். எங்களுக்கு மேலே நின்றபடி மாமா சொன்னது இது: "அங்கை பாட்டும் கேக்கேல்லை, சொல்லும் கேக்கேல்லை. டும் டும் எண்டு மட்டும் வந்தது. எனக்கே என்னெண்டு தெரியேல்லை. அத்தான், ஊருக்குச் செல்லடிக்கிறாங்கள் எண்டிட்டார். வலையை அறுத்துவிட்டு இன்னும் வெளியாலை கொண்டுபோய், வள்ளத்துக்குள்ளை என்னை அமத்திப் படுக்க வைச்சிட்டார். பிள்ளை, பிள்ளை எண்டு அழுதவர். பொழுதுபட இன்னும் கூடிச்சுது. சத்தம் நிண்டாப் பிறகுதான் என்னை எழும்ப விட்டவர், அப்பவும் சத்தம் கேக்கும் எண்டு எஞ்சின் போட விடேல்லை."

சித்தப்பா அப்படியே மணலில் குந்திவிட்டார். அம்மா, "ஐயோ, நானெல்லோ கூப்பிட்டனான்" என்றார்.

அந்தப் பெருநாள் பழைய இரண்டு பெட்டிகளோடுதான் நடந்தது. அடி காணாது என்று சபைக்காரர் முணுமுணுத்தார்கள். பேஸ் பெட்டிகள் சித்தப்பா வீட்டு மால் கொட்டிலுக்குள் சாக்குப் போட்டு மூடிக் கிடந்து, உப்புக் காற்றில் ஊதி உடைந்தன. விற்கச் சொன்னார்கள், விற்கவும் இல்லை. தன் காதில்தான் பிழை என்று அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் என் தலைக்கு மேலே நடந்த பெரியாட்களின் கதை. நான் அப்பாவுக்குக் கீழே கிடந்தேன். பாட்டு நின்ற பிறகும் அவர் எழும்பவில்லை. அவரில் உப்பும் பெற்றோலும் மணத்தன. அவருடைய நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டேயிருந்தது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: புனிதர் என்னை மன்னித்துவிட்டார், அப்பா வந்துவிட்டார், வந்தவர் முதல்தரமாக என்னோடு விளையாடுகிறார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வாய்க்குள் போன மணலைத் துப்பிவிட்டு, "இன்னொருக்கா அப்பா, இன்னொருக்கா" என்றேன்.