உப்புத் தண்ணீர் ஞானஸ்நானம்

குருநகர் பெர்னடெட் பூசையைத் தவறவிடுகிறவள் அல்ல. பகலெல்லாம் கம்பனியில் நண்டுச் சதை பிரித்து விரல் முழுக்க வெட்டுக்காயம். அந்த விரலால்தான் பின்னேரம் செபமாலை உருட்டுவாள். ஆனால் கார்த்திகையில் வரும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு, செத்தவர்களின் பெயர் எழுதிக் கொடுக்கக் கோயிலால் உறை வந்தால் மட்டும் முகம் இறுகிவிடும். தாய், தகப்பன், புருஷன். மூன்று பெயரோடு சரி.

"அம்மா, தம்பியையும் எழுதட்டோ?" என்று மகள் றொசாந்தி வருஷா வருஷம் கேட்பாள்.

"வாயை மூடு. ஒழுங்கான ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை அதுக்குள்ளை போடேலாது."

பிள்ளை பிறந்தது கடைசிப் போரில், முள்ளிவாய்க்கால் மணலில், தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே. புருஷன் அடைக்கலநாதன் செல் குண்டு பட்டுச் செத்து ஒன்பதாம் நாள் அது. இரண்டு நாளில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. பூசை வைக்கிற சுவாமியைத் தேட வழியில்லை. சாகக் கிடக்கிற பிள்ளைக்குத் தாயே தண்ணீர் ஊற்றலாம் என்று சின்ன வயதில் கோயிலில் படிப்பித்திருந்தார்கள். போத்தலில் நாலு மிடறு நல்ல தண்ணீர் இருந்தது. பக்கத்தில் நாலு வயது றொசாந்தி நாக்கு வறண்டு கிடந்தாள். பெர்னடெட் போத்தலை ஒளித்து வைத்துவிட்டு, பிள்ளையை அணைத்தபடி சிரட்டையோடு கடலுக்குத் தவழ்ந்தாள்.

இந்த வருஷம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள். தான் செத்தபின் போகிற இடத்தில் பிள்ளை இருக்குமா இல்லையா என்ற பயம் அன்றைக்குத்தான் நெஞ்சைப் பிடித்தது. நேரே பங்குச் சுவாமியிடம் போனாள்.

"சுவாமி, கடல் தண்ணியிலை குடுத்த ஞானஸ்நானம் செல்லுமோ?"

"என்ன சொல்லி ஊத்தினீங்கள்?"

"யாகோப்பு எண்டு பேர் வைச்சு, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின்ரை பேராலை எண்டு."

"அப்ப செல்லும். கடல் தண்ணி தண்ணியில்லையோ? கடலோடை வாழுற குருநகர் மனிசி கேக்கிற கேள்வியோ இது!"

அவள் சிரிக்கவில்லை. "நல்ல தண்ணி இருந்தது, சுவாமி. மூத்தவளுக்கெண்டு ஒளிச்சனான்."

சுவாமி கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "அம்மா, அவன் ஆண்டவரிட்டை இருக்கிறான். அதிலை எனக்குச் சந்தேகமில்லை."

வீட்டுக்கு வந்து, உறையில் பெயர் எழுதிக்கொண்டிருந்த றொசாந்திக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பேனை நின்றுவிட்டது.

"அப்ப அந்தத் தண்ணி..."

"நீதான் குடிச்சாய். இன்னொருக்கா எண்டாலும் உனக்குத்தான் தருவன். அழாமல் தம்பியின்ரை பேரையும் வடிவா எழுது."

ஆத்துமாக்கள் திருநாளன்று சேமக்காலை மயானத்தில், கல்லறை இல்லாதவர்களுக்கெல்லாம் பெரிய சிலுவையடியில்தான் மெழுகுதிரி. கால் வைக்க இடமில்லாத சனம். பெர்னடெட் முழங்கையால் இடித்து உள்ளே போனாள். ஒரு திரியைக் கொளுத்தி, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மகனோடு கதைத்தாள்.

"வாற கிழமை எனக்கு ஒப்பரேசன், யாகோப்பு. அம்மா வர முந்தினாலும் முந்தும், பிந்தினாலும் பிந்தும். நீ அங்கையே நில்லு, ராசா."