மாதாவுக்கு நேர்ந்த முழங்கால்

என் தொடைக்குக் காது கேட்காது என்று முதல் நாளே முடிவு கட்டியவள் மன்னார் கிளினிக்கில் இருந்த பிசியோ மிஸ். முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, முழங்கால் சில்லுக்கு மேலே உள்பக்கச் சதையில் விரலை ஊன்றி, "இறுக்குங்கோ" என்பாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவேன். பல்தான் இறுகும்.

"இடுப்பைத் தூக்காதேங்கோ ஐயா, துடையை இறுக்குங்கோ. இதென்ன துடையோ, தேத்தண்ணியில ஊறின பாண் துண்டோ?"

அடுத்த கட்டிலில் கிடந்தவன் சிரித்தான். பேசாலைக் கரையில் வள்ளம் இழுக்கும்போது கால் முறுகி, முழங்காலுக்குள் சவ்வு கிழிந்து, ஒப்பரேசன் செய்துகொண்டு வந்தவன் நான். வள்ளம் இழுத்த அதே தொடை ஒரு சின்னப் பெண்ணின் விரலுக்கு அசைய மறுத்தது. வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காலை வெட்டி நண்டுக்குப் போட்டிருப்பேன்.

வள்ளம் மனைவியின் தமையனுடையது. "மாதா திருநாள் முடியத் தொழிலுக்கு வா. அதுக்குப் பிறகும் உன்ர இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார். எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டிலும் துவாயைச் சுருட்டிப் போட்டு இறுக்கினேன். ஒரு நாள் மிஸ்ஸின் விரலுக்கடியில், தூண்டிலில் மீன் கொத்துவதுபோல் சதை மெல்லத் துடித்தது. அழுதுவிட்டேன். பிறகு மணல் பையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினேன், கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பினேன், கடைசியில் கடற்கரை மணலில் தனியே நடந்தேன்.

அன்றைக்குத்தான் மனைவி வாயைத் திறந்தாள்.

"ஒப்பரேசன் அண்டைக்கு மாதாவுக்கு நேர்ந்தனான். கால் சுகமானா, திருநாளுக்குக் கோயில் வாசலில இருந்து பீடம் வரைக்கும் நீங்கள் முழங்காலில போவீங்கள் எண்டு."

"எந்த முழங்காலில?"

"ரெண்டிலயும்தான்."

"நேர்ந்தவள் நீ. நீ போவன்."

"எனக்கோ கால் சுகமானது?"

கோயில் பாதரிடம் போய்ச் சொன்னேன். மெழுகுதிரி கொளுத்தினால் போதும் என்றார் அவர். "மாதாவோட பேரம் பேசச் சொல்லுறாரோ?" என்று கேட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் கிடந்தாள். எனக்கும் உள்ளுக்குள் பயம். திருநாளன்று முழங்காலில் போனேன்.

பாதி வழியில் சீமெந்துத் தரை முழங்காலுக்குள் ஏறிவிட்டது. பக்கத்தில் மெழுகுதிரியோடு நடந்து வந்தவள் குனிந்து சொன்னாள்: "கையை ஊண்டாதேங்கோ. ஆக்கள் பாக்கினம்." ஊன்றாமலே பீடம் வரை போனேன். அவள் ஆனந்தத்தில் அழுதாள்.

விடிந்தபோது முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கிளினிக்கில் மிஸ் விரலை ஊன்றி இறுக்கச் சொன்னாள். சதை செத்துக் கிடந்தது. இந்தமுறை அவள் பகிடி விடவில்லை.

"வீக்கம் இருந்தா துடை சொல்லுக் கேளாது ஐயா. திரும்ப முதலில இருந்து தொடங்கவேணும். என்ன செய்தனீங்கள்?"

நான் வாயெடுக்க முதல் மனைவி முந்திக்கொண்டாள். "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டார் மிஸ்."

வீட்டுக்கு வந்தபோது அவளுடைய தமையன் கதிரையில் இருந்தார். என் காலைப் பார்த்தார். என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்றார்.

"மாதா சுகத்தைத் தந்தவ. அதைக் கவனமா வைச்சிருக்க உனக்குத் தெரியேல்ல."

அவருக்குத் தேத்தண்ணீர் நீட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "நானும் அதைத்தான் அண்ணை சொல்லுறன்."