அசல் கருங்குரங்கு லேகியம்

என் மகளுக்கு ஏழு வயதில் இழுப்பு வந்தது. பனி மாதங்களில் மூச்சுக்கு மூச்சு அவள் விலா உள்வாங்குவதைப் பார்த்துக்கொண்டு தறியில் உட்கார முடியாது. ஐயம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அப்போது மாதம் ஒருமுறை நீலகிரிப் பக்கத்து லேகியக்காரர் ஒருவர் வருவார். கருங்குரங்கு லேகியம் கொடுத்தால் இழுப்பு அடியோடு போகும் என்றார். நாங்கள் கவிச்சி தொடாத வீடு. மருந்துதானே என்றாள் மனைவி. எனக்கும் சரியென்றுதான் பட்டது.

சரிகையைக் கல்லில் உரசிப் பார்க்காமல் வாங்காதவர்கள் நாங்கள். வெளியாட்களிடம் வாயே திறக்காத நான் அன்று கேட்டேன்.

"இது அசல்னு எப்படிப்பா நம்புறது? ஆட்டுக்கறியைக் கிண்டிக் குடுத்தா எங்களுக்குத் தெரியவா போவுது?"

அவர் கோபிக்கவில்லை. அடுத்த மாதம் வந்து, தறிக்குப் பக்கத்திலேயே ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கை. புகையில் வாட்டிய கறுத்த கை. உள்ளங்கையில் ரேகை ஓடியது. ஊளை நாற்றம் பட்டு நூலில்கூட ஏறிவிட்டது.

"நீங்க கேட்டீங்கன்னுதானுங்க கையைத் தனியா எடுத்து வச்சேன். முன்னெல்லாம் ஓடைக்கு ஒரு கூட்டம் கத்துமுங்க. இப்ப சோலையெல்லாம் தேயிலையாப் போச்சு. இது ஒண்ணுக்கு ரெண்டு மலை ஏறி எறங்கினேன். சுட்டு விழுந்தப்பறமும் குட்டி தாய் வயித்தை விடலீங்க."

பக்கத்து வீட்டுக்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெடைக்கறதே இல்லன்னா சுத்தமான சரக்குதான்பா. வாங்கிக்கோ."

மூக்கைப் பொத்திக்கொண்டே லேகியத்தை வாங்கினேன். அன்று மாலையே தேனில் குழைத்து அவள் வாயில் வைத்தேன். இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு வருவது அதற்காகத்தான்.

மூன்றாம் நாள் அவள் உதடு நீலம் பூத்தது. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மூக்கையும் வாயையும் மூடி ஆவி மருந்து வைத்தார்கள். அரைமணியில் பன் வேண்டும் என்றாள். வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். கஷாயம் என்றேன். தினமும் உறிஞ்சச் சொல்லி ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். அதில்தான் இழுப்பு அடங்கியது.

அந்தக் குரங்கு நம் மேற்கு மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை என்று பல வருடம் கழித்து, பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

ஆனால் தெரிந்ததைச் சொல்ல வேண்டிய நாள் அதற்கு முன்பே வந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுவாரம் லேகியக்காரர் வந்தார். எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். குழந்தையைப் பிழைக்கவைத்தது லேகியம் இல்லை என்று தெருவில் நின்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே ஒருவருக்கு முழங்கால் வலி.

அவர்களும் கை கேட்டார்கள்.